முகம் வனைவோர்

1884ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் சாலையில், ஒரு பெரிய மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையில், ஒரு மனிதர் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருந்தார். காசு கொடுத்தவர்கள் உள்ளே சென்று அவரைப் பார்த்தனர். அவர் பெயர் ஜோசப் மெரிக்; வயது 22. தலையும் முகமும் வலக்கையும் எலும்பும் தசையுமாகப் பருத்துத் திரிந்திருந்தன. இடக்கை மட்டும் எந்தக் குறையுமின்றி மென்மையாக இருந்தது. தெருவில் நடக்க நேரும்போதெல்லாம் அவர் பெரிய தொப்பி ஒன்றை அணிந்துகொள்வார். அதிலிருந்து ஒரு துணித்திரை முகத்தின்மேல் தொங்கும். பார்ப்பதற்கென்று அத்துணியில் ஒரு கீறல் மட்டும் உண்டு.

96 ஆண்டுகள் கழித்து, 1980இல், அதே முகத்தை ஜான் ஹர்ட் என்னும் ஆங்கில நடிகர் அணிந்துகொண்டார். 'தி எலிஃபன்ட் மேன்' என்னும் படத்திற்காகப் படப்பிடிப்பு நாட்களில் ஏழெட்டு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்து, அந்த முகத்தைத் துண்டு துண்டாகத் தம் முகத்தின்மேல் ஒட்டிக்கொண்டார். ஒருவர் தம் முகத்தை மறைக்க முகமூடி அணிந்தார். இன்னொருவர் அவருடைய முகத்தையே முகமூடியாக அணிந்தார். முன்னதை எந்தத் தையற்காரரும் தைத்துவிடலாம். பின்னதைச் செய்தவர் கிறிஸ்டோபர் டக்கர் என்னும் ஒப்பனைக் கலைஞர்.

அரக்கர்களையும் பேய்களையும் ஓநாய் மனிதர்களையும் களிமண்ணில் வனைந்து, ரப்பரில் வார்த்து, நடிகர்களின் முகத்தில் ஒட்டுகிறவர்களை நாம் கலைஞர்கள் என்று எண்ணுவதில்லை. 'பேய்ப் படத்து ஆட்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நம் திறனாய்வாளர்கள் நடிப்பைப் பேசுவர், ஒளிப்பதிவைப் பேசுவர், இசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவர். ஒப்பனையை ஒரு வரியில் கடந்துவிடுவர். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். உருக்குலைந்த ஒரு முகத்தை நம்மால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்னும் வினா எனக்குள் எழுந்த பிறகே, இவர்களுடைய தொழிலைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நடிகரின் முகத்தில், பல் மருத்துவர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் கூழ் போன்ற பொருளைப் பூசி, மேலே மாக்கட்டுத் துணி சுற்றி அச்செடுப்பர். அதில் மாக்கலவையை ஊற்றினால் நடிகரின் முகம் அப்படியே கிடைக்கும். அதன்மேல் களிமண்ணால் புதிய முகத்தை வனைவர். சுருக்கம், தழும்பு, துளை ஒவ்வொன்றையும் கையால் செதுக்குவர். பிறகு அதற்கும் ஓர் அச்செடுத்து, களிமண்ணை நீக்கி, அந்த இடைவெளியில் ரப்பர்ப் பாலை முட்டை வெண்கரு போல் நுரை பொங்க அடித்து ஊற்றி, அடுப்பில் வேக வைப்பர். வெந்து வருவது தோல் போல் மென்மையான, வளையக்கூடிய ஒரு துண்டு. ஓரங்கள் காகிதத்தினும் மெல்லியவை. மாலையில் அதைக் கழற்றும்போது ஓரங்கள் கிழிந்துவிடும். எனவே ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் ஒரு புதிய முகம் வேண்டும். மரத்தில் செதுக்குகிறவனுடைய சிற்பம் முந்நூறு ஆண்டு நிற்கிறது. இவர்களுடைய சிற்பம் மாலையில் குப்பைக்குப் போய்விடுகிறது.

'தி எலிஃபன்ட் மேன்' படத்தின் இயக்குநர் டேவிட் லிஞ்ச் முதலில் அந்த முகத்தைத் தாமே செய்ய முயன்று தோற்றார். பிறகே பணி டக்கரிடம் வந்தது. மெரிக் 1890இல், தம் 27ஆம் வயதில், அதே மருத்துவமனையில் இறந்தபோது அவருடைய உடலில் எடுக்கப்பட்ட வார்ப்புகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருந்தன. டக்கர் அவற்றைப் பார்த்தே வேலை செய்தார். ஆகவே நாம் திரையில் காண்பது கற்பனை அரக்கனை அன்று. வாழ்ந்து மறைந்த ஒருவரின் எலும்பையும் தசையையும் ஒற்றி எடுத்த வடிவம். இதில் ஓர் அச்சம் இருக்கத்தான் செய்கிறது. அன்று காசு கொடுத்துக் கடைக்குள் சென்றவர்களுக்கும், இன்று சீட்டு வாங்கித் திரையரங்கினுள் அமரும் நமக்கும் என்ன வேறுபாடு?

லிஞ்ச் இவ்வினாவை அறிந்தே படத்தை அமைத்திருக்கிறார். ஏறத்தாழ அரை மணி நேரம் அவர் அம்முகத்தை நமக்குக் காட்டுவதில்லை. தொப்பியும் துணியும் தெரிகின்றன. திரைச்சீலையின்மேல் நிழல் தெரிகிறது. மருத்துவர் ட்ரீவ்ஸாக நடிக்கும் ஆண்டனி ஹாப்கின்ஸின் கண்ணில் நீர் திரண்டு விழுவது தெரிகிறது. உணவு கொண்டுவரும் இளம் தாதி ஒருத்தி கதவைத் திறந்து அலறும்போதுதான் முகம் வெளிப்படுகிறது. அந்த நொடியில் அலறுகிறவள் அவள் மட்டுமல்லள், மெரிக்கும் நடுங்குகிறார். அவருக்கு நம்மைக் கண்டு அச்சம்! அதன்பின் படம் முழுவதும் அம்முகம் நம் கண்முன்னே இருக்கிறது. தேநீர் அருந்துகிறது, புத்தகம் படிக்கிறது, அட்டையால் ஒரு தேவாலயத்தின் சிறிய வடிவத்தைச் செய்கிறது. ஒரு மணி நேரம் கழித்து நாம் அதைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொள்வதில்லை.

இதற்குக் காரணம் ஹர்ட்டின் நடிப்பு என்று எழுதியவர்கள் பலர். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவர் நடிப்பதற்கு டக்கர் எதை விட்டுவைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்களை விட்டுவைத்தார். இடக்கையை விட்டுவைத்தார். மற்ற எல்லாவற்றையும் மூடினார். வார்ப்பில் இருந்த உண்மையைக் குறைக்காமலும், உள்ளே இருக்கும் நடிகனை மூச்சுத் திணற விடாமலும் ஒரு முகம் செய்வது எளிய செயலன்று. ஹர்ட்டின் சொந்த முகம் அடியில் முற்றாக மறைந்துபோயிற்று. ஆயினும் வெட்கமும் நன்றியும் அந்தக் கனத்த ரப்பரின் ஊடாக வந்து சேர்கின்றன.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அதில் வரும் கொடிய காட்சிக்காரர் வரலாற்றுக்கு ஒவ்வாதவர். லெஸ்டர் நகரின் ஏழையர் விடுதியிலிருந்து தப்பிக்க மெரிக் தாமாகவே காட்சித் தொழிலைத் தேடிச் சென்றார் என்பதே வரலாறு. அவருடைய பெயரைக்கூட ட்ரீவ்ஸின் நூலைப் பின்பற்றி 'ஜான்' என்று மாற்றியிருக்கிறார்கள். முகத்தை மில்லிமீட்டர் பிசகாமல் செய்தவர்கள் பெயரில் பிழை விட்டுவிட்டார்கள்!

அவ்வாண்டு எட்டு ஆஸ்கார் பரிந்துரைகள் பெற்ற அப்படம் ஒரு விருதும் பெறவில்லை. ஒப்பனைக்கென்று அப்போது நிலையான விருதே கிடையாது. டக்கருக்குச் சிறப்பு விருது வழங்கவும் விருதுக் கழகம் இசையவில்லை. இதற்கு எழுந்த கண்டனத்தின் விளைவாக அடுத்த ஆண்டே அவ்விருது ஏற்படுத்தப்பட்டது. முதலில் அதைப் பெற்றவர், ஒரு மனிதன் நம் கண்முன்னே ஓநாயாக மாறும் காட்சியை அமைத்த ரிக் பேக்கர். அவர் மொத்தம் ஏழு முறை அவ்விருதைப் பெற்று, 2015இல் ஓய்வு பெற்றார்.

கண்களை விட்டுவைக்கும் இந்த நெறி டக்கரிடம் தொடங்கியதன்று. 1931இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் அரக்கனை அறியாதவர் இலர். தட்டையான மண்டை, கழுத்தில் இரு முளைகள். குழந்தைகளின் பொம்மைகளில்கூட அம்முகத்தைக் காணலாம். அதைச் செய்தவர் ஜாக் பியர்ஸ் என்னும் கிரேக்க நாட்டுக் குடியேறி. அக்காலத்தில் நுரை ரப்பர் வழக்கிற்கு வரவில்லை. பஞ்சையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போரிஸ் கார்லாஃபின் முகத்தின்மேலேயே சிற்பம் செய்தார். மண்டை ஏன் தட்டை? மூளையை வைக்க வேண்டிய அறுவை மருத்துவன், பெட்டியின் மூடியைத் திறப்பதுபோல் மண்டையைக் குறுக்கே அறுத்திருப்பான் என்பது பியர்ஸின் கணக்கு. அரக்கனின் முகத்தில் அவனைப் படைத்தவனுடைய அவசரமும் அலட்சியமும் எழுதப்பட்டுள்ளன. பாத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரால்தான் இப்படி எண்ண முடியும்.

அதைவிட நுட்பமான செய்தி இமைகள். ஒப்பனை முடிந்து கண்ணாடியில் பார்த்த கார்லாஃப், தம் கண்கள் மிகவும் விழிப்பாக, எல்லாம் அறிந்தவைபோல் இருப்பதாக உணர்ந்தார். சற்றுமுன் பிறந்தவனுக்கு அத்தகைய கண்கள் இருக்கலாகாது. பியர்ஸ் மெழுகால் இமைகளைக் கனக்கச் செய்தார். அந்த இரு துளி மெழுகினால்தான், கூரையிலிருந்து விழும் ஒளியை நோக்கி அரக்கன் கைகளை உயர்த்தும்போது, இருளில் வளர்ந்த குழந்தையைக் கண்டதுபோல் நம் நெஞ்சு கலங்குகிறது. இவ்வளவு செய்த பியர்ஸை, விரைவாக வேலை முடிக்க ரப்பர் வந்துவிட்ட 1940களின் நடுப்பகுதியில், அவர் உழைத்த நிறுவனம் வெளியே அனுப்பிவிட்டது.

அப்படத்தை இயக்கிய ஜேம்ஸ் வேல் முதல் உலகப் போரில் போரிட்டுச் சிறைப்பட்டவர். அப்போரின் அகழிகளில் தலையை உயர்த்திய பல்லாயிரம் இளைஞர்கள் முகம் இழந்தனர். தாடை இல்லாமல், மூக்கு இல்லாமல் உயிரோடு திரும்பினர். அவர்களுக்கான மருத்துவமனைக் கூடங்களில் கண்ணாடிகள் தடை செய்யப்பட்டிருந்தன. இங்கிலாந்தின் சிட்கப் நகரில், மருத்துவமனைக்குச் செல்லும் சாலையில் சில இருக்கைகளுக்கு நீல வண்ணம் பூசி வைத்திருந்தார்கள். அங்கே அமர்ந்திருப்பவரின் முகம் காணச் சகியாததாக இருக்கலாம் என்று ஊராரை முன்கூட்டி எச்சரிப்பதற்காக!

இவர்களுக்கு உதவ முன்வந்தவர்கள் சிற்பிகள். இலண்டனில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட், பாரிஸில் அமெரிக்கப் பெண்மணி அன்னா கோல்மன் லாட். 1917இன் இறுதியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு பாரிஸுக்கு வந்த லாட், காயமுற்ற முகத்தில் அச்செடுத்து, போருக்கு முந்தைய புகைப்படத்தைப் பார்த்து இழந்த பகுதியைக் களிமண்ணில் வனைந்து, மெல்லிய செப்புத் தகட்டில் முகமூடி செய்து தந்தார். வீரர் அதை அணிந்திருக்கும்போதே அவருடைய தோலின் நிறத்தைத் தீட்டுவார். வெயிலிலும் மப்பிலும் பொருந்தும்படி இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம். புருவத்திற்கும் மீசைக்கும் உண்மையான முடி. காதில் மாட்டும் மூக்குக்கண்ணாடி அதைத் தாங்கி நிற்கும். அச்சு, களிமண், வார்ப்பு, வண்ணம் ஆகிய அதே நான்கு படிகள். திரைக்கு அரக்கனைச் செய்யும் கையும், தெருவில் நடக்க ஒரு மனிதனுக்கு முகம் செய்யும் கையும் ஒரே பாடத்தைத்தான் கற்றிருக்கின்றன. அந்தச் செப்பு முகங்களில் ஒரு குறை இருந்தது: அவை சிரிக்கவில்லை. அணிந்தவருக்கு வயது ஏறியபோது அவற்றுக்கு ஏறவுமில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கலைஞரும் இவ்வழியில் வருகிறார். 'இந்தியன்' படத்தின் முதியவர் சேனாபதிக்கும், அதே 1996இல் வந்த 'அவ்வை சண்முகி'க்கும், 2008இன் 'தசாவதாரம்' படத்திற்கும் கமல்ஹாசனுக்கு ஒப்பனை செய்த மைக்கேல் வெஸ்ட்மோர்தான் அவர். அவருக்கு ஆஸ்கார் பெற்றுத் தந்த 'மாஸ்க்' படத்தை (1985) நம்மில் பலர் பார்த்திருக்கமாட்டோம். எலும்பு நோயால் முகம் சிங்கம்போல் அகன்றுபோன ராக்கி டென்னிஸ் என்னும் சிறுவனின் உண்மைக் கதை அது. அதில் ஒரு காட்சி: பொருட்காட்சியில், உருவத்தைக் கோணலாக்கிக் காட்டும் வேடிக்கைக் கண்ணாடிகள் முன்னே ராக்கி நிற்கிறான். எல்லாரையும் கோரமாக்கும் அக்கண்ணாடி அவனை மட்டும் அழகனாகக் காட்டுகிறது. அவன் தன் தாயை அழைத்துக் காட்டுகிறான். கண்ணாடி இல்லாத அந்தப் போர்க்கால மருத்துவமனைகளை எண்ணிக்கொண்டே இக்காட்சியைப் பார்த்தேன். என்னால் அமைதியாக இருக்க முடியவில்லை.

வெஸ்ட்மோரின் தமிழ்ப் பணிகளை ஒரே தரத்தில் வைக்க இயலாது. சேனாபதியின் முகத்தில் கண்ணும் உதடும் நடிகருக்கு உரியனவாகவே இருக்கின்றன. சினமும் துயரமும் ரப்பரைத் தாண்டி வருகின்றன. சண்முகி மாமியின் கன்னத்தில் கனிவு இருக்கிறது. 'தசாவதார'த்திலோ பத்து வேடங்கள் என்னும் எண்ணிக்கையே மேலோங்கிவிட்டது. கிருஷ்ணவேணிப் பாட்டியின் முகத்தைப் பார்க்கும்போது உள்ளே இருப்பவர் யார் என்பதைத்தான் தேடுகிறோம், பாட்டியைத் தேடுவதில்லை. அப்படத்தில் எனக்கு நெருக்கமானவர் மணல் கொள்ளையை எதிர்க்கும் வின்சென்ட் பூவராகன். ஒட்டு வேலை குறைந்த முகம் அது. முகமூடி தடிக்கத் தடிக்க அது தன்னைத்தானே காட்டிக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது.

இதே குறையை, சொல்லத் தயக்கமாயினும், 2004இல் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' படத்திலும் காண்கிறேன். கீத் வேண்டர்லான், கிறிஸ்டியன் டின்ஸ்லி ஆகிய இருவரும் அதன் ஒப்பனைக்காக ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். கசையடிகளின் காயங்களை அவர்கள் செய்துள்ள நேர்த்தியில் ஐயமில்லை. நம் பங்குகளில் தவக்காலந்தோறும் அப்படம் திரையிடப்பட்டதும், மக்கள் விம்மி அழுததும் யாவரும் அறிந்ததே. நானும் அழுதேன். ஆனால் கசையடிக் காட்சி நீள நீள, ஒரு கட்டத்தில் என் கண் இயேசுவை விட்டு நீங்கிக் காயத்தின்மேல் நின்றுவிட்டது. 'எப்படிச் செய்திருப்பார்கள்?' என்று மனம் கேட்கத் தொடங்கிவிட்டது. என்னை அப்படத்திற்குள் மீட்டுக் கொண்டுவந்தது, சிலுவையின் பாதையில் விழுந்த மகனை நோக்கித் தாய் ஓடும் காட்சியும், வீங்கி மூடிய ஒரு கண்ணுக்கு அருகே திறந்திருந்த மற்றொரு கண்ணுமே. அந்த ஒரு கண்ணைத் திறந்து வைத்த கலைஞரை நான் போற்றுகிறேன். இக்கருத்தை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு. பாடுகளின் முழுமையைக் காட்டாமல் விடுவது பொய் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். வாதம் இன்னும் முடியவில்லை.

இறுதியாக, நம்மிடையே பலர் பார்க்க அஞ்சிய, பார்க்கலாகாது என்று பிள்ளைகளைத் தடுத்த ஒரு படம். 1973இல் வெளிவந்த 'தி எக்சார்சிஸ்ட்'. அதன் ஒப்பனையாளர் டிக் ஸ்மித். ஒரே முகமூடியாக ஒட்டாமல், ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு சிறு துண்டுகளாக ஒட்டி, முகத்தின் ஒவ்வொரு தசையும் அசைய வழிசெய்தவர் அவரே. 1970இல் 'லிட்டில் பிக் மேன்' படத்திற்காக இளைஞர் டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கினார். 2011இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் வழங்கப்பட்டது; 2014இல் மறைந்தார்.

அலகை பிடித்த சிறுமியின் முகத்தைப் பற்றி உலகமே பேசியது. ஸ்மித் முதலில் வரைந்த கோரமான வடிவங்களை இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் ஏற்கவில்லை. சிறுமி தன்னைத்தானே கீறிக்கொண்ட புண்கள் சீழ்பிடித்து அம்முகம் உருவாகட்டும் என்று முடிவாயிற்று. கொம்பும் கோரைப்பல்லும் வேண்டாம் என்னும் அம்முடிவு சரியானதே. ஒரு குழந்தையின் முகம் உள்ளே அழிந்துகொண்டிருப்பதை நாம் மறக்க முடிவதில்லை. எனினும் தலை முழுவதும் சுற்றித் திரும்பும் அந்தப் பொறி பொம்மையைக் காலம் சற்று எள்ளத் தொடங்கிவிட்டது.

ஸ்மித்தின் பெருஞ்சாதனை அப்படத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை; கவனிக்கப்படாமையே அதன் வெற்றி. அலகையை ஓட்ட வரும் முதிய குரு மெரின், எழுபதைக் கடந்தவர். கை நடுங்க மாத்திரையை எடுத்து விழுங்குகிறவர். அவராக நடித்த சுவீடன் நாட்டு நடிகர் மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது 43, 44தான். தோலை இழுத்துப் பிடித்து, ரப்பர்ப் பாலை மெல்லிதாக ஒற்றி, உலர்ந்தபின் விட்டால் நுண்சுருக்கங்கள் விழும். அத்தகைய சுருக்கங்களோடு, ஈராக்கின் பாலை வெயிலில், படக்கருவி மிக நெருங்கிவர அவர் நிற்கிறார். அம்முகத்தில் களைப்பு இருக்கிறது; முன்பு ஒருமுறை இதே பகைவனைச் சந்தித்த நினைவு இருக்கிறது. படத்தைப் பார்த்த பலர், அந்த நடிகர் உண்மையிலேயே முதியவர் என்று எண்ணிக்கொண்டனர். மாடிப்படியில் அமர்ந்து அவர் இளைய குருவுடன் மூச்சு வாங்கும் அந்தச் சில நொடிகள், அறைக்குள் நடக்கும் எந்தக் கூத்தையும்விட எனக்கு அந்தப் போராட்டத்தின் கனத்தை உணர்த்தின.

வான் சிடோ 2020இல், தம் 90ஆம் வயதில் மறைந்தார். 2011இல் வந்த 'எக்ஸ்ட்ரீம்லி லவுட் அண்ட் இன்க்ரெடிப்லி க்ளோஸ்' படத்தில், 82 வயதில், வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாத முதியவராக நடித்தார். அதில் அவருக்கு முகம் மட்டுமே மொழி. அந்தச் சுருக்கங்கள் காலம் வனைந்தவை. வாய்ப்புள்ளவர்கள் அப்படத்தையும் 1973இன் படத்தையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்தேன். இரண்டாம் இரவில், படத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அந்த இரு முகங்களையும் மாறி மாறி எண்ணிக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.